லீட்ஸுக்குப் போன சாம்பிள்

அமுதவள்ளிக்கு மதுரையில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு சான்றிதழையும் கொடுத்து அனுப்பியவர்கள் சொன்னது இதுதான். மனிதர்கள் மூன்று வகை. கண்ணால் கற்கிறவர்கள், காதால் கற்கிறவர்கள், கையால் கற்கிறவர்கள். வந்தவர் எந்த வகை என்று கண்டுபிடித்துவிட்டால் போதும், இங்கிலீஷ் தானாக வந்து அவர் நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். அமுதவள்ளி அதை அப்படியே நம்பினாள். போடிநாயக்கனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடையின் மாடியில், பதினெட்டு நாற்காலியும் ஒரு வெள்ளைப் பலகையுமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவள் எதையாவது நம்பித்தானே ஆக வேண்டும்.

இருபது கேள்விகளோடு ஒரு ஃபாரம் அச்சடித்து வைத்திருந்தாள். சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள் முதல் நாளே அதை நிரப்பிக் கொடுக்க வேண்டும். கண் என்றால் பச்சை, காது என்றால் மஞ்சள், கை என்றால் சிவப்பு ஸ்டிக்கர் அவரவர் நோட்டில் ஒட்டப்படும். பாதிப் பேர் நன்றாகப் பேசிக்கொண்டு வெளியே போனார்கள். மீதிப் பேர் வந்தபடியே வாயைத் திறக்காமல் போனார்கள். அவர்கள் ஃபாரத்தைக் கவனமாக நிரப்பவில்லை என்பது அமுதவள்ளியின் முடிவு.

ஒரு செப்டம்பர் மாதத்து மத்தியானம் காசிமாயன் அந்த மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறி வந்தார். ஏலக்காய் வியாபாரி. அமுதவள்ளியின் அம்மா செல்லக்கிளி அவருடைய குடோனில்தான் காயைத் தரம் பிரிக்கிறாள். வாலிபத்தில் பதினொரு வருடம் ரியாத்தில் மளிகைக் கடையில் நின்றவர் என்பதால் கடைத்தெரு அரபி அவருக்கு அத்துப்படி. அவருக்குப் பின்னால், கணுக்கால் வரை வெள்ளை அங்கியும் தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துணியுமாக, நெடுநெடுவென்று ஒரு பெரியவர் குனிந்து வாசலுக்குள் நுழைந்தார்.

"ஆத்தா அமுதா, இவரு ஹமூத். சவூதியில புரைதாங்கிற ஊரு. நம்ம காய வாங்குற கம்பெனியோட ஆளு. சீசன் முடியிற வரைக்கும் இங்கனதான் இருந்து தரம் பாக்கப் போறாரு. இவருக்கு இங்கிலீசு பேசக் கத்துக்குடுக்கணும்."

"எதுக்கு சித்தப்பா? ஏவாரத்துக்கா?"

"ஏவாரத்துக்குத்தான் நான் இருக்கேன்ல. இது வேற சோலி. அவரு சொல்லட்டும், நான் தமிழ்ல சொல்றேன்."

ஹமூத் எதுவும் சொல்வதற்கு முன்னால் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி, மஞ்சள் மழைக்கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் நூரா. ஆறு வயது. இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் இருக்கிறாள். ஹமூத்தின் ஒரே மகன் யூசுப் அங்கே படிக்கப் போய், ஹெலன் என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவன். நூராவுக்கு இரண்டு வயதாகும்போது சாலை விபத்தில் செத்துப்போனான். ஹமூத்தின் மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அறுபத்து மூன்று வயதில் அந்த மனிதருக்குச் சொந்த ரத்தம் என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருப்பது அந்த மழைக்கோட்டுக் குழந்தை ஒன்றுதான்.

நூராவுக்கு இங்கிலீஷ் தவிர ஒரு பாஷையும் தெரியாது. ஹமூத்துக்கு அந்த இங்கிலீஷ்தான் வராது. ஞாயிறுதோறும் அந்தப் பெண் ஹெலன் தவறாமல் வீடியோவில் கூப்பிடுகிறாள், நல்ல மனசு. இவர் ஹலோ என்பார், அவள் ஹலோ என்பாள். ஹவ் ஆர் யூ என்பார், குட் என்பாள். அவ்வளவுதான். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். குழந்தை எத்தனை நேரம்தான் பார்க்கும்? போன வாரம் அவள் நடுவிலேயே எழுந்து பூனையைத் தேடிப் போய்விட்டாள்.

காசிமாயன் கடைசி வாக்கியத்தை மொழிபெயர்க்கும்போது அமுதவள்ளியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"இவரு சொல்றாரு, அரபியில எனக்கு அறுபத்து மூணு வயசு. இங்கிலீசுல எனக்கு ரெண்டு வயசு. பேத்திக்கு ஆறு. நான் எப்பிடி அவளுக்குத் தாத்தன்னு சொல்லிக்கிறதுங்கிறாரு."

அமுதவள்ளி அந்த மழைக்கோட்டுப் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு மேஜை டிராயரைத் திறந்து ஃபாரத்தை எடுத்தாள்.

முதல் கேள்வி: புதிதாக மிக்சி வாங்கினால் என்ன செய்வீர்கள்? கூட வந்த புத்தகத்தைப் பார்ப்பீர்களா, தெரிந்தவரிடம் கேட்பீர்களா, கையால் போட்டுப் பார்ப்பீர்களா? ஹமூத் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு காசிமாயன் சொன்னார். "வீட்டம்மா இருந்தவரைக்கும் மிக்சி பக்கமே போனதில்லையாம். இப்ப வேலைக்காரன் பாத்துக்கிறானாம்." இப்படியே இருபது கேள்வியும் நடந்தது. கூட்டிப் பார்த்தால் கண் ஏழு, காது ஏழு, கை ஆறு. அந்த ஃபாரத்தின் சரித்திரத்திலேயே இப்படி ஒரு மதிப்பெண் வந்ததில்லை.

சரி, மூன்றையும் முயன்று பார்ப்போம் என்று அமுதவள்ளி கச்சை கட்டிக்கொண்டாள்.

கண்ணுக்கு முதல் வாரம். ஆப்பிள், யானை, குடை என்று வண்ணப்பட அட்டைகளைக் காட்டினாள். ஹமூத் ஒவ்வொரு படத்தையும் மரியாதையாகப் பார்த்துத் தலையசைத்தார். காதுக்கு இரண்டாவது வாரம். செல்போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பேசுவதைப் போட்டுக் காட்டினாள். சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதிப் பழகிய மனிதர் அல்லவா, ஒரு பக்கப் பேச்சையும் அந்தப் பெண் மூச்சு விட்ட இடத்தில் தானும் மூச்சு விட்டு அப்படியே ஒப்பித்தார். அமுதவள்ளி அசந்துபோய், "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டாள். கல்லாகிவிட்டார். கைக்கு மூன்றாவது வாரம். உடம்பை அசைத்துக் கற்க வேண்டும் என்று மதுரையில் சொன்னார்களே என்று, 'ஜம்ப்' என்று சொல்லிக் குதித்துக் காட்டினாள். அவர் பதறிப்போய் எழுந்து அவளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

உச்சரிப்பு ஒரு பிரச்சினையே இல்லை. அரபியில் 'P' ஓசை கிடையாதாம், எல்லாவற்றையும் 'B' என்றே சொன்னார். இரண்டுக்கும் 'ப' என்ற ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகளோடு பத்து வருடமாக மல்லுக்கட்டுகிற அமுதவள்ளிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? வாயைத் திறந்தால்தானே திருத்துவதற்கு. ஒப்பிக்கிற நேரம் தவிர அவர் திறக்கவே இல்லை.

அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள் செல்லக்கிளி மதியச் சோற்றுத் தூக்கை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள். அதைக் கொடுக்க அமுதவள்ளி குடோனுக்குப் போனாள். உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கொரு சொளகை, அதாவது முறத்தை, மடியில் வைத்து ஏலக்காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் ஹமூத். அவர் மடியிலும் ஒரு சொளகு.

அவர் பேசிக்கொண்டிருந்தார்! வாய் ஓயாமல், அரபியில். ஒரு காயை எடுத்து செல்லக்கிளியின் உள்ளங்கையில் வைத்து எதையோ சொன்னார். அவள் அதை நசுக்கி முகர்ந்து, "ஆமாண்ணே, இது புகை ஏறுன காயி. இத நல்ல காயோட சேக்கப்படாது," என்று தமிழில் சொன்னாள். அவர் ஆமோதித்துத் தலையாட்டினார். அடுத்ததாக அவள் ஒரு காயைத் தூக்கிப்பிடித்து, "பொக்கு," என்றாள். அவரும் "போக்கு," என்று சிரித்தார். உள்ளே விதையில்லாத காய் அது.

தூக்குப் பாத்திரத்தோடு நின்ற அமுதவள்ளிக்குச் சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கண்டுபிடித்துவிட்டாள்! இவர் கை வகை. அன்று சாயங்காலமே அவருடைய நோட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள்.

மறுநாளிலிருந்து வகுப்பு குடோனுக்கு இடம் மாறியது. அமுதவள்ளியும் ஒரு சொளகோடு உட்கார்ந்தாள். திஸ் ஒன் ஃபுல். திஸ் ஒன் எம்ட்டி. திஸ் ஒன் ஓப்பன், திஸ் ஒன் ஹோல். கை காயைப் புரட்டிக்கொண்டே இருக்க, அவர் வாய் தானாகத் திறந்தது. இரண்டே வாரத்தில் 'திஸ் ஒன்' போய், 'மை ஷாப்' வந்தது, 'மை மதர்' வந்தது. ஒரு நாள் 'மை சன்' வந்தது.

அந்தக் கதையைப் பாதி இங்கிலீஷிலும் பாதி அபிநயத்திலுமாகச் சொன்னார். யூசுப்புக்கு அப்போது நான்கு வயது. கடையில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு ஏலக்காயை எடுத்து மூக்குக்குள் சொருகிக்கொண்டான். எடுக்க எடுக்க உள்ளே போகிறது. கடையில் நின்ற வாடிக்கையாளர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஹமூத் தன் மூக்கையே பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி, அந்தக் கூட்டம் முழுவதையும் ஒருவராகவே நடித்துக் காட்டினார். குடோனே சிரித்தது. செல்லக்கிளிக்குச் சொளகு சரிந்து காய் முழுவதும் தரையில் கொட்டியது.

அமுதவள்ளியும் சிரித்தாள். ஆனால் அவள் மனசில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மொழி வந்துவிட்டது, இனிமேல் நல்லதாக நாலு வார்த்தை பேச வைக்க வேண்டும். இறந்துபோன அப்பாவைப் பற்றி மூக்கில் காய் சொருகிய கதையா சொல்வது? அன்றிரவு உட்கார்ந்து அவளே ஒரு பத்தி எழுதினாள். 'உன் தந்தை மிகுந்த துணிச்சலும் அர்ப்பணிப்பும் கொண்ட மனிதர்' என்று ஆரம்பித்து, பதினோரு வாக்கியம். எழுதிவிட்டு அவளுக்கே கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குடோனில் சாக்கு மூட்டையும் தூசியுமாக இருக்கிறது, குழந்தை பார்த்தால் என்ன நினைக்கும் என்று அவரைச் செருப்புக்கடை மாடிக்கு வரச் சொன்னாள். பின்னால் உலகப்படத்தை மாட்டினாள். மேஜையைத் துடைத்துச் சுத்தமாக்கி, அதன் மேல் ஒன்றுமே இல்லாமல் வைத்தாள். ஹமூத் வெறும் கைகளை அங்கே மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நூரா திரையில் வந்தாள். அவர் ஆரம்பித்தார். ஒரு பிழையில்லை. பதினோரு வாக்கியமும் அமுதவள்ளி சொல்லிக் கொடுத்த ஏற்ற இறக்கத்தோடு, அவள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, அட்சர சுத்தமாக ஒப்பித்தார். கதவோரம் நின்ற அமுதவள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை.

நூரா கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பக்கத்தில் திரும்பினாள். "அம்மா, தாத்தா எதையோ வாசிக்கிறார்," என்றாள் இங்கிலீஷில். பிறகு, "பை தாத்தா," என்று கையாட்டிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஹெலன்தான் வந்து பேசினாள். ரொம்ப நன்றி என்றாள். குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை நீச்சல் வகுப்பு ஆரம்பிக்கிறது, அதனால் இனிமேல் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் கூப்பிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். ஹமூத்துக்கு அது புரிந்தது. கொடுமை என்னவென்றால், அமுதவள்ளி சொல்லிக்கொடுத்த இங்கிலீஷால்தான் அது அவருக்கு யாருடைய உதவியும் இல்லாமல் புரிந்தது. 'ஓகே' என்றார். போனை அணைத்து அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டு, அவளுக்குத் தலை வணங்கிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

நான்கு நாள் அவர் வகுப்புக்கு வரவில்லை. குடோனுக்கும் வரவில்லை, லாட்ஜிலேயே கிடக்கிறார் என்றார் காசிமாயன். செல்லக்கிளி மகளை விடவில்லை.

"நீ எழுதிக் குடுத்தத உன் குரல்லதானடி சொன்னாரு? அந்தப் பிள்ளைக்கு அவுக தாத்தன் எங்கடி இருந்தாரு அதுல?"

"நல்லதுதானம்மா எழுதுனேன்."

"மூக்குல காய வச்ச கதைக்கு நாங்க அம்புட்டுப் பேரும் சிரிச்சோமே, எங்களுக்கு என்ன அரபி தெரியுமா இங்கிலீசு தெரியுமா? ஒரு மனுசன வெறுங்கையோட உக்கார வச்சுட்டு வந்து நிக்கிறா, படிச்சவ."

அமுதவள்ளி தான் எழுதிய பத்தியை எடுத்து மடித்து வைத்தாள். அம்மா சொன்னது சரி என்று அவளுக்குப் பட்டது. ஆனால் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அடுத்த தடவை அவரைச் சொளகோடு உட்கார வைத்தால் அவர் பேசுவார், சரி. ஆனால் லீட்ஸில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு அது என்ன தெரியும்? யாரோ ஒரு கிழவர் பச்சை நிறத்தில் எதையோ பொறுக்குகிறார் என்று பார்க்கும். மறுபடியும் பூனையைத் தேடித்தான் போகும்.

ஐந்தாம் நாள் அவள் மன்னிப்புக் கேட்கலாம் என்று குடோனுக்குப் போனாள். காசிமாயன் போனில் யாரையோ கிழித்துக்கொண்டிருந்தார். அவருடைய மதுரை ஆள், டெல்லி வியாபாரியிடம் முந்திக்கொண்டு விலை பேசிவிட்டானாம்.

"சாம்பிள் இன்னும் போய்ச் சேரலயேடா! அதுக்குள்ள உன்னைய எவன் பேசச் சொன்னது? கையில காய் இல்லாதவன்கிட்ட என்னத்தப் பேசுவ நீ? கலரு, மணம், எண்ணெப் பசைனு நீ இங்கன இருந்து ஆயிரம் சொல்லு, அவனுக்கு எல்லாம் ஒண்ணுதான். மொதல்ல சாம்பிள் போகணும். அவன் பிரிச்சுப் பாக்கணும். அப்பறந்தான்டா பேச்சு."

அமுதவள்ளி நின்ற இடத்திலேயே நின்றாள். போடியில் பிறந்து வளர்ந்தவள். இந்த ஊரில் சாம்பிள் பொட்டலம் போகாமல் ஒரு பேச்சும் ஆரம்பிப்பதில்லை என்பது அவளுக்குப் பால்குடி வயதிலிருந்தே தெரியும். அவளுடைய ஃபாரத்தில் இருபது கேள்வி இருந்தது. இருபதும் பேசுகிறவரைப் பற்றியது. கேட்கப் போகிறவள் யார், அவள் கையில் என்ன இருக்கிறது என்று ஒரு கேள்விகூட இல்லை.

"சித்தப்பா, இங்கிலாந்துக்கு ஒரு சாம்பிள் அனுப்பணும்," என்றாள்.

"எந்தக் கம்பெனிக்கு?"

"கம்பெனி இல்ல. நூராவுக்கு."

காசிமாயன் போனைக் காதிலிருந்து எடுத்தார். பிறகு ஒன்றும் கேட்காமல், "வா, லாட்ஜுக்குப் போவோம்," என்று செருப்பை மாட்டினார்.

அவர் அரபியில் விஷயத்தைச் சொன்னதும் ஹமூத் கட்டிலிலிருந்து எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். வாழ்நாள் முழுதும் காய் வாங்கிய மனிதர், அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். மூட்டையிலிருந்து அள்ளி அனுப்ப மாட்டாராம். அவரே பறிக்க வேண்டுமாம்.

மறுநாள் விடியற்காலையில், எஸ்டேட் வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகளுக்கு நடுவில் காசிமாயனின் ஜீப்பும் போடிமெட்டு ஏறியது. வளைவுக்கு வளைவு குளிர் கூடிக்கொண்டே போனது. கேரள எல்லைச் செக்போஸ்ட்டைத் தாண்டி, சரிவில் இறங்குகிற பாதையில் அவருடைய இரண்டு ஏக்கர் தோட்டம். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற செடிகளுக்குள் ஹமூத் நுழைந்தார். அண்ணாந்து பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒவ்வொரு இலையாக விலக்கிப் பார்த்தார். காயைக் காணோம். நாற்பது வருடமாக ஏலக்காயை முகர்ந்து பார்த்தே ஊர் சொல்கிற மனிதர், அது செடியில் எங்கே காய்க்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. பேரீச்சை மாதிரி உச்சியில் குலை குலையாகத் தொங்கும் என்றே நினைத்திருந்தாராம்.

காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு மலையாளத்துப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மேல இல்ல சேட்டா, தாழ பாருங்க!"

ஹமூத் குனிந்தார். செடியின் தூரில், மண்ணை ஒட்டி ஓடிய சரங்களில், பச்சைப் பசேலென்று காய். அப்படியே ஈரத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெள்ளை அங்கி சேறானதை அவர் கவனிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அமுதவள்ளியை நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர். ஃபார்ட்டி இயர் ஐ லுக் அப். இட் இஸ் டவுன்," என்றார். பிறகு, "ஐ டெல் நூரா."

மடியில் சொளகு இல்லாமல் அவர் சொந்தமாக அவளிடம் சொன்ன முதல் இங்கிலீஷ் அது. அமுதவள்ளி திருத்தவில்லை.

பறித்த காய், சூடேற்றிக் காய வைக்கிற ஸ்டோரில் உலர்ந்து வந்தது. செல்லக்கிளி அதிலிருந்து ஐம்பது காய் பொறுக்கினாள். அவளுக்குத் திருப்தி வரவில்லை, இரண்டு தடவை கொட்டி மறுபடி பொறுக்கினாள். ஹமூத் அதில் வேண்டுமென்றே ஒரு பொக்கும், வாய் பிளந்த காய் ஒன்றும் சேர்த்தார். சாம்பிள் பொட்டலத்தில் லாட் நம்பர் எழுதுகிற இடத்தில், அமுதவள்ளி பலகையில் எழுதிக் காட்டியதைப் பார்த்து, வலமிருந்து இடமாகவே எழுதிப் பழகிய கையை இடமிருந்து வலமாக இழுத்து, நூரா என்று இங்கிலீஷில் எழுதினார். கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கூரியர் ஏழு நாளில் போய்ச் சேர்ந்தது. தாத்தா கூப்பிடும் வரை பிரிக்கக் கூடாது என்று ஹெலனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார்கள்.

நவம்பர் முதல் ஞாயிறு. இங்கே மாலை நாலரை, அங்கே காலை பதினொன்று. குடோனுக்கு விடுமுறை, இருந்தும் செல்லக்கிளி தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். காசிமாயன் போனை ஒரு சாக்கின் மேல் சாய்த்து நிறுத்தினார். அமுதவள்ளி அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இன்னும் ஐந்து நாளில் ஹமூத்துக்கு ஊருக்கு விமானம். இன்றைக்கும் அந்தப் பிள்ளை எழுந்து போய்விட்டால் இனி ஒருபோதும் திரும்பி உட்காராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மடியில் சொளகு இருந்தும் அவர் கை காயைத் தொடவில்லை.

நூரா பொட்டலத்தோடு வந்தாள்.

"ஓப்பன்," என்றார் ஹமூத். அவள் பிரித்தாள். "ஸ்மெல்." முகர்ந்தாள். மூக்கைச் சுருக்கினாள், மறுபடி முகர்ந்தாள். "டேக் ஒன். ஃபுல் ஆர் எம்ட்டி?" அவர் ஒன்றைத் தூக்கி நசுக்கிக் காட்ட, அவளும் நசுக்கினாள். கறுப்பு விதைகள் மேஜையில் சிதறின. "ஃபுல்!" என்று கத்தினாள். அடுத்தது ஃபுல். அடுத்தது ஃபுல். பொக்கைக் கண்டுபிடித்தபோது நாற்காலியில் ஏறி நின்றுவிட்டாள். இது எந்த மரத்தில் காய்க்கும் என்று கேட்டாள். "நோ ட்ரீ. ஐ லுக் அப், அப், அப். இட் இஸ் டவுன்!" என்று அவர் தரையைத் தட்டினார். தாத்தாவுக்கே தெரியாத ஒன்று இருந்தது என்பதில் அவளுக்குப் பரம சந்தோஷம்.

அப்புறம்தான் அவர் சொன்னார். "யுவர் டாடி, ஸ்மால். ஃபோர் இயர். ஹீ டேக் ஒன்... ஹியர்." தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

நூரா அவரைப் பார்த்தாள். கையிலிருந்த காயைப் பார்த்தாள். தாத்தன் மேலே ஒரு வார்த்தை சொல்வதற்குள், அப்பன் வழியிலேயே, அதை எடுத்து மூக்கில் சொருகிக்கொண்டாள்.

சொருகிய பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. எடுக்கப் பார்த்தாள், உள்ளே போனது. முகம் சிவந்தது. உதடு பிதுங்கியது. ஹெலன் அடுப்படியிலிருந்து ஓடிவருகிற சத்தம் கேட்டது. அமுதவள்ளி போனுக்கு முன்னால் ஓடிவந்து வாயைத் திறந்தாள். இங்கிலீஷ் டீச்சருக்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. வந்தது ஹமூத்துக்கு.

"நூரா! லுக் மீ! நோ டச்! மவுத் க்ளோஸ்!" குடோன் அதிர்ந்தது. இரண்டு வயதுக் குழந்தையின் இங்கிலீஷ் இல்லை அது, அறுபத்து மூன்று வயது மனிதரின் குரல். "திஸ் சைடு, ஃபிங்கர், ப்ரெஸ்! குட் கேர்ள். நவ் ப்ளோ! ஸ்ட்ராங்! ப்ளோ!"

குழந்தை ஒரு பக்க மூக்கை அழுத்திக்கொண்டு முழு பலத்தோடு ஊதினாள். காய் பறந்து வந்து போன் திரையில் 'டொக்' என்று அடித்து விழுந்தது.

ஹமூத் இந்தப் பக்கம் தன்னையறியாமல் தலையைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு நூரா சிரித்தாள். விழுந்த பல் இடைவெளி தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹெலன் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "யூசுப் இதை என்னிடம் சொன்னதே இல்லை," என்றாள். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"பச்சப்பிள்ளகிட்ட இதச் சொன்னா செஞ்சு பாக்காதாண்ணே?" என்று செல்லக்கிளி தமிழில் ஹமூத்தை வைதாள்.

"அப்பாவுக்கும் இப்படித்தான் வெளியே வந்ததா?" என்று கேட்டாள் நூரா.

"சேம். சேம் லைக் யூ."

"அப்பா அழுதாரா?"

ஹமூத் சொளகிலிருந்த காய்களைத் தடவினார். "நோ. டாடி லாஃப்," என்றார். "ஐ க்ரை."

சொன்னவர் இப்போதும் அழுதார். மறைக்கவில்லை, தலைத்துணியை எடுத்து முகத்தைத் துடைக்கவும் இல்லை. நூரா திரைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். விழுந்த காயைத் தேடி எடுத்து, தன் சட்டையில் துடைத்து, அவருக்குக் காட்டினாள்.

"இது நல்ல காயா தாத்தா?"

"திஸ் ஒன் வெரி குட்," என்றார். "கீப்."

அவள் அதைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, நீச்சல் முடிந்து வந்ததும் தாத்தாவைக் கூப்பிடலாமா, எல்லா வாரமும் கூப்பிடலாமா, அப்பா வேறென்ன பண்ணினார் என்று கேட்க வேண்டும் என்றாள். ஹெலன் தலையசைத்தாள்.

மொழிபெயர்க்கலாம் என்று வாயெடுத்த காசிமாயனை ஹமூத் கையமர்த்தினார்.

போன் அணைந்தது. செல்லக்கிளிக்குப் பொறுக்கவில்லை. "பிள்ள கடைசியா என்னமோ சொல்லுச்சே, என்னண்ணே?" என்று அவரையே கேட்டாள்.

ஹமூத் அவளைப் பார்த்தார். "எவ்ரி சண்டே," என்றார்.

"எல்லா ஞாயித்துக்கெழமையுமா!" என்று செல்லக்கிளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் யாரும் மொழிபெயர்க்கவில்லை.